லிஃப்ட் போடாத பிக்கப்: பின்னால் எந்த பம்ப் ஸ்டாப் போடுவது?

4 ஜூன் 2023 (வாசகர் கேள்வி)

என்னுடையது 2017 இசுசு வி-கிராஸ். லிஃப்ட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் மாற்றம்) போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை. டெக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றினாலே வேகத்தடையில் பின்னால் "டம்" என்று அடிக்கிறது. குனிந்து பார்த்தால் பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்சில் மேலே ஏறி சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் கட்டை) வெடித்திருக்கிறது. கடையில் ஒன்றரை மடங்கு உயரமான மஞ்சள் பாலியூரித்தேன் கட்டையைக் காட்டி, "இதைப் போட்டா அடிக்கவே அடிக்காது" என்கிறார்கள். வாங்கலாமா?

4 ஜூன் 2023, இரவு (என் பதில்)

அளக்காமல் வாங்க வேண்டாம்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான், 2018 மாடல், 2.5 லிட்டர். பொள்ளாச்சிக்குத் தெற்கே தோப்பு. மாதம் இரண்டு முறை ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுகிறேன், 40 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. நீங்கள் சொல்லும் சத்தத்தை நானும் நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உயரமான கட்டை போட்டால் அடிக்காது என்று கடைக்காரர் சொல்வது தலைகீழ். உயரமாக இருந்தால் முன்னைவிடச் சீக்கிரம் அடிக்கும். சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருக்கும் தூரம் வண்டி நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. கட்டையை மாற்றினால் அது மாறாது. லிஃப்ட் போட்டவர் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியிருப்பார், அவருக்கு உயரமான கட்டை தேவைப்படும். நாம் தூக்கவில்லை. கட்டையின் உயரம் 25 மி.மீ. கூடினால், சக்கரம் மேலே ஏற இருக்கும் இடத்தில் 25 மி.மீ. போச்சு.

நாளை என் வண்டியை அளந்து எழுதுகிறேன்.

5 ஜூன் 2023

அளந்த விதம்: நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் நிறுத்தினேன். டெக் காலி, டீசல் முக்கால் டேங்க், டயர் காற்று குறித்த அளவில். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பின் பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தானாக அடங்கும்வரை விட்டேன். ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தால் பின் சக்கரம் உருளாது, பட்டை முழுசாக விரியாது, அளவு தவறும்.

வலது பக்கம்: ரப்பரின் நுனிக்கும் ஆக்சில் மேல் தகட்டுக்கும் இடைவெளி 80 மி.மீ. ரப்பரின் உயரம் 55. ஆக மொத்தம் 135. இடது பக்கம்: இடைவெளி 62 மட்டும். களம் ஒரு பக்கம் சரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் வலது அளவையே வைத்துக்கொள்கிறேன்.

200 கிலோ ஏற்றியபோது (உரித்த தேங்காய், ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கியது) வலது இடைவெளி 52 ஆனது. 28 மி.மீ. இறங்கியிருக்கிறது.

மஞ்சள் கட்டையின் உயரம் எவ்வளவு என்று கடையில் கேட்டுச் சொல்லுங்கள். 80 மி.மீ. என்றால் காலி வண்டியிலேயே 55 மி.மீ.தான் மிஞ்சும். லோடு ஏற்றினால் 27.

6 ஜூன் 2023

பம்ப் ஸ்டாப் எதற்கு இருக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பலர் அதை "அடி தாங்கும் கட்டை" என்பார்கள். அடியைத் தாங்கினால் போதாது, அதைக் கரைக்கவும் வேண்டும். கரைக்கத் தூரம் வேண்டும்.

ஒரு பின் சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையைத் தொடும்போது அது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அந்த வேகத்தில் 250 ஜூல் ஆற்றல். 25 மி.மீ.க்குள் அதை நிறுத்தினால் சராசரியாக 10,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் விசை சேஸிஸில் இறங்கும். 50 மி.மீ. கிடைத்தால் அரை டன். வண்டி அதே, பள்ளமும் அதே. கட்டை எவ்வளவு தூரம் நசுங்கிக் கொடுக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் பொருளைப் பார்க்க வேண்டும். ரப்பர் நசுங்கும், ஆனால் அதன் கன அளவு குறையாது. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாத வடிவமாக இருந்தால் கல்லாகிவிடும். கட்டியான பாலியூரித்தேனும் அப்படியேதான், அதைவிட இறுக்கம். மூன்றாவது வகை நுண்துளை பாலியூரித்தேன், உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகள். பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் செல்லாஸ்டோ இந்த வகை. கார்களில் ஷாக் (ஷாக் அப்சார்பர்) கம்பியின் மேல் மாட்டியிருக்கும் மஞ்சள் அல்லது வெள்ளை நுரைக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது பக்கவாட்டில் அதிகம் பிதுங்காமல் தன் உயரத்தில் பாதிக்கு மேல் நசுங்கும். முதலில் மெதுவாகவும் போகப் போக இறுக்கமாகவும் எதிர்க்கும்.

கடையில் இருப்பது மஞ்சள் நிறம் என்பதால் நுரை என்று நினைத்துவிடாதீர்கள். நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்காமல் வழுக்கினால் கட்டி.

என் இப்போதைய எண்ணம்: நுரைக் கட்டை வாங்குங்கள். உயரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

(2 ஜூலை குறிப்பையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். இந்தக் கடைசி வரி அப்படியே நிற்கவில்லை.)

9 ஜூன் 2023

அடிக்கிறதா, எவ்வளவு அடிக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஷாக் கம்பியில் கேபிள் டை மாட்டிப் பார்ப்பது வழக்கம். கம்பி ஏறி இறங்கும்போது டை தள்ளிப்போய் எவ்வளவு ஏறியது என்று காட்டும். நம் பின் ஷாக்கில் கம்பியின் மேல் உறை இருக்கிறது, டை மாட்ட வழியில்லை.

தோப்பில் வாய்க்கால் ஓரத்து களிமண்ணை எடுத்து நன்றாகப் பிசைந்து, பெரிய எலுமிச்சம்பழம் அளவு உருட்டி, கூம்பு மாதிரி நுனி வைத்து, ஆக்சில் தகட்டின் மேல் ரப்பருக்கு நேர் கீழே அப்பினேன். இரண்டு பக்கமும். அப்புறம் 200 கிலோவோடு, எங்கள் ஊர் நுழைவில் இருக்கும் வேகத்தடையை 30 கி.மீ. வேகத்தில் தாண்டித் திரும்பி வந்தேன்.

வலது பக்கக் கூம்பின் நுனி மட்டும் தட்டையாகியிருந்தது. இடது பக்கம் கூம்பே இல்லை. நடுவில் தாள் கனத்துக்கு மண், சுற்றிலும் பூ விரிந்த மாதிரி பிதுங்கியிருந்தது. அந்தத் தட்டையான நடுவில் ரப்பரின் நுனியில் இருக்கும் வட்டக் கோடுகள் அச்சு போல விழுந்திருந்தன. அடி முழுக்க இடது பக்கம்.

10 ஜூன் 2023

களிமண் காய்ந்தால் பெயர்ந்து விழுந்துவிடுகிறது. ஒரே நாளில் அளந்துவிடுங்கள். இன்று சப்பாத்தி மாவில் செய்து பார்த்தேன், நன்றாக ஒட்டுகிறது, அச்சும் தெளிவாக விழுகிறது. ஆனால் நிறுத்தி வைத்த அரை மணி நேரத்தில் எறும்பு வந்துவிட்டது.

அந்த வேகத்தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த ஐஆர்சி 99 விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துக்கு. ஒரு காரின் நீளத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும் மேடு. எங்கள் ஊரில் இருப்பது ஒரு முழ அகலத்தில் ஒரு சாண் உயரம். கோடுமில்லை, பலகையுமில்லை. போன மாதம் ஒரு டிவிஎஸ்காரர் இரவில் அதில் விழுந்து கை முறிந்தது. பம்ப் ஸ்டாப் பேச்சில் பாதி இந்தத் தடைகளைப் பற்றிய பேச்சுதான், அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூன் 2023

திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: ரப்பரில் பாதியை அறுத்துவிட்டால் இடைவெளி கூடுமே, அடிக்காதே?

அறுத்தால் இடைவெளி கூடும், உண்மைதான். ஆனால் அந்த ரப்பர் வேறு ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் முதலில் ஷாக் உள்ளுக்குள் முட்டும். பிஸ்டன் அடியில் போய் இடித்தால் வால்வு போகும், இல்லையென்றால் மேல் காது (ஷாக்கை மாட்டும் வளையம்) பிய்யும். அதன் பிறகு டயர் மேலே உரசும். கடைசியில் இரும்போடு இரும்பு. அறுக்க வேண்டாம்.

18 ஜூன் 2023

62 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. களம் சரியாகத்தான் இருக்கிறது.

களிமண் அச்சைப் பார்த்ததிலிருந்து இடது பக்கம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்தேன். அப்போதும் இடது 62, வலது 80. தரை கோணல் என்றால் திருப்பியதும் குறைவு அடுத்த பக்கம் போயிருக்க வேண்டும். நேராகப் பட்டைக் கடைக்குப் போனேன். லாரிப் பட்டை வேலை நாற்பது வருடமாகச் செய்யும் பெரியவர் அவர். நான் பம்ப் ஸ்டாப் வகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் கேட்டுக்கொண்டே கீழே படுத்துவிட்டார்.

"தம்பி, ரப்பரை விடுங்க. ரப்பர் எப்பவும் சும்மா அடி வாங்காதுங்க. பட்டை படுத்திருக்கும், இல்லைன்னா உடைஞ்சிருக்கும்."

"பார்த்தேனுங்கய்யா, வெளியே ஒண்ணும் தெரியலையே."

டீசலில் நனைத்த துணியால் பட்டையின் பக்கவாட்டைத் துடைத்தார். ஒரு சின்ன சுத்தியலால் வலது பக்கப் பட்டையை ஒவ்வொன்றாகத் தட்டினார். ணங், ணங் என்று கேட்டது. இடது பக்கம் முதல் பட்டை ணங். இரண்டாவது பட்டையில் 'டொக்'. அதே இடத்தில் மறுபடி தட்டினார், மறுபடி 'டொக்'. யூ போல்ட் (பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் போல்ட்) தகட்டுக்கு அடியிலிருந்து மயிரிழை கனத்தில் ஒரு செம்மண் நிறக் கோடு இறங்கியிருந்ததை விரலால் காட்டினார். சேறு என்று நான் நினைத்திருந்தது துருநீர்.

கழற்றினோம். இரண்டாவது பட்டை சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்) துளையில் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டு முகத்தில் முக்கால் பாகம் கருத்துப் பழசாக, கால் பாகம் மட்டும் வெள்ளி மாதிரி புதுசாக. பல மாதமாக மெல்ல மெல்லக் கீறி, கடைசியில் போயிருக்கிறது. யூ போல்ட்டும் கிளாம்பும் இரண்டு துண்டையும் பிடித்து வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை.

இரண்டு பக்கமும் அந்தப் பட்டையைப் புதிதாகப் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் உயரம் ஒத்துவராது என்றார். பழைய பட்டையை அடித்து வளைவு எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். "வளைவு வரும், டெம்பர் வராது. ரெண்டு மாசத்துல மறுபடி படுத்துக்கும்" என்றார்.

இப்போது இடது 79, வலது 81. அதே 200 கிலோ, அதே வேகத்தடை, அதே 30 கி.மீ. மாவுக் கூம்பு இரண்டு பக்கமும் நுனி மட்டும் தட்டை. சத்தம் இல்லை.

19 ஜூன் 2023

முதல் நாள் நான் எழுதியதைத் திருத்துகிறேன். "அளக்காமல் வாங்க வேண்டாம்" என்றேன். அளந்தேன், ஆனால் அளந்ததை நம்பாமல் தரையைக் குறை சொன்னேன். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் கட்டை பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டுப் பட்டையைப் பாருங்கள். கேள்வி கேட்டவரும் இரண்டு பக்கமும் அளந்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டை உட்கார்ந்ததும் அவை தளரும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் துளையில் ஆட்டம் வரும், அந்த இடத்தில்தான் கீறல் தொடங்கும். என்னுடையதும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்; வாங்கியதிலிருந்து யாரும் அங்கே ஸ்பேனர் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

2 ஜூலை 2023

சத்தம் போய்விட்டது, ஆனாலும் கட்டை விஷயத்தைப் பாதியில் விட மனமில்லை. வெடித்த ரப்பரை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். புஷ் அடிக்கும் கடையில் கேஜ் வைத்த ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டமில்லை. மூன்று கட்டையை எடுத்துப் போனேன்: கம்பெனி ரப்பர் (புதுசு), தெரிந்தவர் வாங்கி வைத்திருந்த கட்டி பாலியூரித்தேன், இணையத்தில் வரவழைத்த நுரைக் கட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு டன் வரை அமுக்கி, அந்த நிலையில் உயரத்தை வெர்னியரில் எடுத்தோம்.

கம்பெனி ரப்பர் 55 மி.மீ.யிலிருந்து 28 ஆனது. கட்டி பாலியூரித்தேன் 80லிருந்து 50. நுரை 75லிருந்து 23.

இப்போது 135இலிருந்து நசுங்கிய உயரத்தைக் கழியுங்கள். காலி வண்டி நிற்கும் நிலையிலிருந்து ஆக்சில் எவ்வளவு மேலே ஏற முடியும் (இதைத்தான் ஓட்டம் என்கிறேன்) என்று தெரியும். ரப்பரில் 107. கட்டி பாலியூரித்தேனில் 85. நுரையில் 112.

மஞ்சள் கட்டை 22 மி.மீ. ஓட்டத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது நுரை. அது ரப்பரைவிட 20 மி.மீ. உயரம், ஆனாலும் ஆக்சிலை ரப்பரைவிட 5 மி.மீ. கூடுதலாக மேலே விடுகிறது. சீக்கிரம் தொடுகிறது, தாமதமாக நிறுத்துகிறது. சொகுசுக்கு நல்லது. ஆனால் கம்பெனி 107இல் நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதைத் தேட வேண்டும்.

ஆகவே 6 ஜூன் அன்று சொன்ன "உயரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை" அரைகுறை. கட்டையின் உயரத்தைவிட நசுங்கிய உயரம் முக்கியம். எந்தக் கடையிலும் அந்த எண்ணைச் சொல்லவில்லை, பெட்டியிலும் போடவில்லை. லிஃப்ட் இல்லாத வண்டிக்கு நசுங்கிய உயரம் கம்பெனிக் கட்டையினுடையதோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் வேறு எதுவோ முட்டலாம், கூடினால் ஓட்டம் போகும்.

5 ஜூலை 2023

காரணம் கிடைத்தது, ஷாக்தான்.

காலி வண்டியில் பின் ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை 450 மி.மீ. ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கினால் 345. உள்ளே போக 105 இருக்கிறது. ஷாக் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதால் ஆக்சில் 100 ஏறினால் ஷாக் சுமார் 94 உள்ளே போகும்.

ரப்பரோடு: 107 ஏறினால் ஷாக் ஏறக்குறைய 101 உள்ளே போகும். 4 மி.மீ. மிச்சம். கம்பெனி நூல் பிடித்த மாதிரி கணக்கு வைத்திருக்கிறது.

நுரையோடு: 112 ஏறினால் ஷாக் 105 உள்ளே. மிச்சம் பூஜ்யம். ஒரு பெரிய பள்ளத்தில் நுரை முழுக்க நசுங்கும் அதே நொடியில் ஷாக்கும் முட்டும். மென்மையான, விலை கூடிய கட்டை போட்டு ஷாக்கை உடைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை.

லேத் கடையில் 6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, நுரைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வைக்கிறேன். நசுங்கிய உயரம் 29 ஆகும், ஓட்டம் 106, ஷாக்கில் 5 மி.மீ. மிச்சம். காலி வண்டியில் இடைவெளி 54.

உங்கள் ஷாக் கம்பெனியுடையது இல்லை என்றால் இந்த எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கழற்றி அமுக்கி அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

11 ஜூலை 2023

"இவ்வளவு மி.மீ. கணக்குக்குப் பதில் இரண்டு அங்குலம் லிஃப்ட் போட்டுவிடலாமே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

நான் போடமாட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது வண்டியில் என்ன மாற்றியிருக்கிறது என்பதைத்தான். வெடித்த ரப்பருக்குப் பதில் ரப்பர் போடுவது வேறு, வண்டியின் உயரத்தையே மாற்றுவது வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. சில பிக்கப்களில் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போட்டு, பின்னால் எவ்வளவு லோடு இருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். லிஃப்ட் போட்டால் தூரம் கூடும். லோடு இல்லை என்று வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். மலையிலிருந்து லோடோடு இறங்கும் வண்டிக்கு அது நல்லதில்லை.

23 ஜூலை 2023

ஏர் பேக் (விபத்தில் விரியும் பை இல்லை, பட்டைக்கு உதவியாகக் காற்றடைத்து மாட்டும் பை) பற்றியும், உள்ளே குழிவான ரப்பர் ஸ்பிரிங் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் வகை. கனடாவின் டிம்ப்ரென் செய்வது குழிவு ரப்பர். அமெரிக்காவில் சுமோஸ்பிரிங்ஸ் என்று நுண்துளை பாலியூரித்தேனில் ஒன்று கிடைக்கிறது. எப்போதும் லோடு ஓட்டுபவர்களுக்காகச் செய்தவை. காலி வண்டியிலேயே தொட்டுக்கொண்டோ, தொடும் தூரத்திலோ நிற்கும். அவற்றை பம்ப் ஸ்டாப் என்பதைவிட இன்னொரு ஸ்பிரிங் என்றே நினைக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பட்டை சேஸிஸைத் தொடும் இடங்கள் இரண்டு: முன் கண், பின் ஷாக்கிள் (பட்டையின் பின் நுனியைப் பிடித்து ஆடும் இணைப்பு). நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். லோடு அந்த இரண்டு இடத்துக்கும் பிரிந்து போகும். கட்டையோ ஏர் பேக்கோ சுமையைத் தூக்கினால், அது ஆக்சிலுக்கு நேர் மேலே சேஸிஸின் ஒரே இடத்தில் குத்தும். அதோடு டெக்கின் கடைசியில் கனமான சரக்கோ, பின்னால் டிரெய்லரோ இருந்தால், அந்த இடத்தை மையமாக வைத்துச் சேஸிஸின் வால் கீழே மடங்கப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்களில் சேஸிஸ் வளைந்த கதைகள் நிறைய. பின்னால் கேரவன், ஏர் பேக்கில் முழுக் காற்று, மோசமான மண் சாலை. நம் வி-கிராஸும் அதே வடிவம்தான்: நீளமான கேபின், டெக்கில் பெரும்பகுதி ஆக்சிலுக்குப் பின்னால்.

லிஃப்ட் இல்லாமல், 200 கிலோவுக்குள் ஏற்றும் ஒருவருக்கு இது எதுவும் வேண்டாம். சரக்கை முன்னால், கேபின் சுவரோடு ஒட்டி ஏற்றுங்கள். பதிவுச் சான்றில் இருக்கும் மொத்த எடையைத் தாண்ட வேண்டாம். எந்தக் கட்டையும் அந்த எண்ணை உயர்த்தித் தராது.

15 ஆகஸ்ட் 2023

நுரையும் தகடும் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. வால்பாறை இரண்டு முறை. போன வாரம் ஏறும்போது சரியான மழை, அட்டகட்டிக்கு மேலே சாலை ஓரம் பெயர்ந்து கிடந்தது. பின்னால் 180 கிலோ: உர மூட்டை மூன்று, மீதி சாமான்.

காலி வண்டியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. 54 மி.மீ. தாண்டினால்தானே தொடும். லோடில் இடைவெளி 28 அளவுக்கு வந்துவிடுவதால் சின்னப் பள்ளத்திலேயே நுரை தொடுகிறது, ஆனால் தொட்ட நேரம் தெரிவதில்லை. முன்பு பள்ளத்தில் விழுந்தால் ஒரு இறக்கம், ஒரு அடி, ஒரு துள்ளல் என்று மூன்றாக உணர்வேன். இப்போது ஒரே அமுக்கம், ஒரே எழுச்சி. பின் சீட்டில் அம்மா இருந்தார். வழக்கமாக ஒன்பதாவது வளைவு தாண்டுவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இந்த முறை தேயிலை பறிப்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் கட்டை தொடும்போது வண்டி சாய்வது குறைகிறது, அது பிடித்திருக்கிறது. ஆனால் ஈரமான வளைவில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகினால் பின் சக்கரம் வழுக்க வாய்ப்பு உண்டு. நுரை மெதுவாக இறுகுவதால் எனக்கு அப்படி நடக்கவில்லை. மஞ்சள் கட்டியோடு, 27 மி.மீ. இடைவெளியோடு, அந்த மழையில் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

16 ஆகஸ்ட் 2023

காற்றைச் சொல்ல மறந்துவிட்டேன். லோடுக்குக் குறித்த காற்றைப் பின் டயரில் வைக்காமல் கட்டையைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். என் களிமண் சோதனை எல்லாமே கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவில் செய்தது.

3 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் எண்களை அனுப்பிவிட்டார். இடது இடைவெளி 58, வலது 60. இரண்டும் ஒத்துப்போகிறது, ஆனால் இரண்டுமே குறைவு; என் வண்டியில் 80. அவருடைய பட்டை உடையவில்லை, வளைவு குறைந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படுத்துவிட்டது. முந்தைய உரிமையாளர் அதில் ஹாலோ பிளாக் ஏற்றியிருக்கிறார்.

19 ஜூன் அன்று சொன்ன 10 மி.மீ. வித்தியாசம் என்ற சோதனை இவருடைய வண்டியைப் பிடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். இடது வலது ஒத்துப்போனால் மட்டும் போதாது. அதே மாடல், பட்டை நன்றாக இருக்கும் இன்னொரு வண்டியோடு ஒப்பிட வேண்டும். இசுசு வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே தங்கள் அளவை எழுதினால் உதவியாக இருக்கும்: மாடல் வருடம், டயர், காலி வண்டி இடைவெளி, ரப்பர் உயரம்.

அவருக்கு நான் சொன்னது: பட்டை செட்டைப் புதிதாக மாற்றுங்கள், கம்பெனி ரப்பரே போடுங்கள். அவர் ஏற்றுவது வாரம் ஒரு முறை 150 கிலோ, சமதள ரோடு. நுரைக்குச் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு நுரைக் கட்டை விலையில் நான்கு ரப்பர் வாங்கலாம்.

29 அக்டோபர் 2023

அவர் மாற்றிவிட்டார். இடைவெளி 82, 82. சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறார். மஞ்சள் கட்டை வாங்கவில்லை.

4 பிப்ரவரி 2024

ஆறு மாதப் பரிசோதனை. நுரைக் கட்டை இரண்டையும் கழற்றினேன். உயரம் 75இலிருந்து 73 ஆகியிருக்கிறது, இரண்டிலும் ஒரே மாதிரி. வலது நன்றாக இருக்கிறது. இடது கட்டையின் முன் ஓரத்தில் 5 மி.மீ. ஆழத்துக்குக் கிழிசல்.

முதலில் பொருள் மட்டமோ என்று நினைத்தேன். அப்புறம் ஆக்சில் தகட்டைப் பார்த்தேன். கட்டை தொட்ட தடம் நடுவில் இல்லை, முன்னால் ஒரு விரல் தள்ளி இருக்கிறது. பட்டை நிமிரும்போது நீளும், நீண்டால் ஆக்சில் கொஞ்சம் பின்னால் போகும். அதனால் கட்டை நேராக நசுங்காமல் கொஞ்சம் இழுபடுகிறது. தடித்த ரப்பர் அந்த இழுப்பைப் பொருட்படுத்தாது. நுரை கிழியும். இடது பக்கம் மட்டும் ஏன் என்றால், அந்தப் பக்கத் தகட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தது, பட்டை மாற்றியபோது வெட்டிய பிசிறு. அரம் போட்டு மழித்துவிட்டேன். நீங்கள் நுரை மாட்டும் முன் தகட்டின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

ஈரம் இன்னொரு கவலை. நுண்துளை பாலியூரித்தேன் சில வருடத்தில் ஈரத்திலும் வெயிலிலும் உதிர ஆரம்பிக்கும். பழைய கார்களின் ஷாக்கில் அது மாவாகக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். என் வண்டி வாய்க்கால் இறங்கும் வண்டி, உரம் ஏற்றும் வண்டி. ரப்பருக்கு டீசலும் எண்ணெயும் ஆகாது, அதைத் தவிர ரப்பர்தான் அதிகம் உழைக்கும். இந்தக் கட்டை இன்னும் ஒரு வருடம் தாங்கினால் மறுபடி நுரையே வாங்குவேன், அம்மா அந்தப் பாதையில் வருகிறவரை. அதற்குள் உதிர்ந்தால் கம்பெனி ரப்பருக்கே திரும்பிவிடுவேன். புதுசு இரண்டு பரணில் இருக்கிறது.

யூ போல்ட்டில் ஒரு நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டேன். அடுத்த பரிசோதனை மே கடைசியில், மழைக்கு முன்.